மரியாதையாகப் பட்டினி போட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டோம். அதனால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

விவரமாகச் சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் தனி ஆள். முத்தியால்பேட்டையில் தங்கை வசந்தாவின் வீட்டோடு இருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் தனபால் மில்லில் தறி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே பெண், செல்வி; நான் அவளுக்குப் பெரியம்மா. பி.ஏ. முடித்துவிட்டாள். நான் கடற்கரைப் பக்கம் ஒரு கைத்தறித் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். விற்பனை என்றால் பேசிப் பேசி விற்பது என்று நினைத்துவிடாதீர்கள். துணியை எடுத்து மேஜையில் விரிப்பேன். மீதியைத் துணி பார்த்துக்கொள்ளும். அவ்வளவு கூச்சம் எனக்கு.

செல்விக்கு ஒரு வரன் வந்தது. சொல்தா வீட்டு வரன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனுமாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பையன் பெயர் மனோகர். சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய்விட்டான். அங்கேயே ஒரு தபால் ஆபீசில் வேலை. அப்பா இல்லை. அம்மா பெயர் புஷ்பா. இரண்டு பேரும் லீவில் வந்து, புஷ்பா அம்மாவின் தம்பி வீட்டில் தங்கியிருந்தார்கள்.

முதல் தடவை வந்தபோது காபியும் கேசரியும் சாப்பிட்டார்கள். பையன் அதிகம் பேசவில்லை. பேசிய நாலு வார்த்தையும் இங்கிலீஷ். "ஹலோ... தாங்க் யூ... வெரி நைஸ்." அவ்வளவுதான். ஆனால் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். யாரைப் பார்த்தான் என்று நான் எழுத வேண்டுமா?

புஷ்பா அம்மா படியிறங்கும்போது சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம சாப்பிட வரோம்."

இந்த ஒரு வரியைக் கேட்டதும் வசந்தா உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஏனென்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிற வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் சாப்பிடலாம். சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அவர்களே சாப்பிட வருகிறோம் என்றால் முக்கால் கல்யாணம் முடிந்த மாதிரி.

மீதிக் கால் பங்கில்தான் நாங்கள் இங்கிலீஷை உள்ளே விட்டோம்.

"பையனுக்குத் தமிழ் சுத்தமா வராது போல," என்றார் தனபால். "நாமளும் பேசாம நின்னா நல்லாவா இருக்கும்? நாட்டுப்புறம்னு நெனச்சுடுவான். நாளைக்கு அங்க போயி வாழப்போற பொண்ணு. வீட்ல நாலு பேருக்கு இங்கிலீஷ் தெரியும்னு அவனுக்குத் தெரியட்டும்."

"நாலு பேரா? யாரு அந்த நாலு பேரு?" என்றாள் வசந்தா.

செல்வி டைப்ரைட்டிங் வகுப்புக்கு மேல் மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனவள். அன்று சாயங்காலமே எங்கள் கூடத்தில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

"அப்பா, நீங்க வாசல்ல நிக்கறீங்க. அவங்க வராங்க. எப்டி கூப்பிடுவீங்க?"

தனபால் தொண்டையைச் செருமினார். "கம் மேன்."

"மேன் வேணாம்பா."

"கம்."

"நாய்க்குட்டியக் கூப்பிடற மாதிரி இருக்கு. ப்ளீஸ் கம் இன். எங்க, சொல்லுங்க."

"ப்ளீஸ் கம் இன்."

"உக்காரச் சொல்றதுக்கு?"

"சிட் டவுன்."

"அது வாத்தியார் சொல்றது. ப்ளீஸ் பி சீட்டட்."

"இன்னாம்மா இது... ஒருத்தன உக்கார வைக்க இவ்ளோ கஷ்டமா? சேர இழுத்துப் போட்டா அவனே உக்காந்துட்டுப் போறான்."

தனபாலைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க மில் சூப்பர்வைசர்களிடம் காதால் வாங்கியது. கெட் அவுட், ஷட் அப், நான்சென்ஸ், யூஸ்லெஸ் ஃபெலோ... இத்தனை வருஷத்தில் ஒரு 'ப்ளீஸ்' கூட அந்த ஷெட்டுக்குள் வழி தவறி வந்ததில்லை. அவர் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்?

யோசித்துப் பார்த்தால் நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான். இங்கிலீஷை இரண்டு வேலைக்குத்தான் வைத்திருக்கிறோம். ஒன்று, திட்டுவதற்கு. 'வெளியே போ' என்றால் சண்டை வரும். 'கெட் அவுட்' என்றால் அதில் ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. இன்னொன்று, கூச்சமான விஷயங்களை மூடி வைப்பதற்கு. பக்கத்து வீட்டுப் பெண் முழுகாமல் இருந்தால் 'கேரியிங்'. எதிர்வீட்டுப் பெரியவர் செத்துப்போனால் 'எக்ஸ்பயர்ட்'. ஆஸ்பத்திரியில் டாக்டர் 'மோஷன் போச்சா' என்று கேட்டால் பத்து பேர் முன்னால் பதில் சொல்கிறோம். அதையே தமிழில் கேட்டால் சுவரைப் பார்க்கிறோம்.

அடிக்கிற கம்பும் அதே பாஷைதான், போர்த்துகிற போர்வையும் அதே பாஷைதான். நடுவில் சாதாரணமாக நாலு வார்த்தை பேச மட்டும் நமக்கு வராது.

எனக்கு அந்தப் போர்வைப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். கடைக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்கள், 'மே ஐ சீ தட் ஒன், ப்ளீஸ்' என்று கேட்பார்கள். துணிக்கு வலிக்குமோ என்பது போல. வேண்டாம் என்றால், 'ஸாரி, நாட் டுடே'. முடிந்தது. நம்மவர்கள், "அந்த நீலத்த எடு. அது இல்லம்மா, அதுக்கு மேல. கண்ணு தெரியலயா?" என்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இங்கிலீஷ் மரியாதை ஒரு வரம். யாரையும் இழுக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். தூரத்தில் நின்று ஒரு 'ப்ளீஸ்' போட்டால் போதும்.

அதனால் செல்வி சாப்பாட்டுப் பாடத்துக்கு வந்தபோது நான் முழுக்க அவள் கட்சி.

"இதுதான் ரொம்ப முக்கியம்," என்றாள். "கேக்காம யார் தட்டுலயும் எதையும் போடக்கூடாது. கொஞ்சமா வச்சிட்டு, 'உட் யூ லைக் சம் மோர்?' அப்படின்னு கேக்கணும். 'நோ, தாங்க் யூ'ன்னா விட்டுடணும்."

"வேணாம்னு சொன்னா விட்டுடறதா?" என்றாள் வசந்தா.

"ஆமாம்மா."

"ஒரு கரண்டி கூடவா வைக்கக்கூடாது?"

"கூடாது. வற்புறுத்தறது அவங்க ஊர்ல மேனர்ஸ் இல்ல. நம்ம வீட்ல பண்ற மாதிரி கையத் தட்டிவிட்டுட்டு சோத்தக் கொட்டினா பயந்துடுவாங்க."

"அந்தம்மா நம்ம ஊருதானடி?"

"எத்தினி வருஷமா அங்க இருக்காங்க. மாறியிருக்க மாட்டாங்களா?"

வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தனபால் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடி கரைக்கே போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். இறால் தொக்கு, மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், முட்டை, ரசம், பாயசம். வாழை இலை வேண்டாம், தட்டுதான் நாகரிகம் என்று முடிவாகியிருந்தது. என் கடை முதலாளியம்மாவிடம் கேட்டு ஒரு பை நிறையப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் வாங்கி வந்திருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். தனபால் வாசலில் நின்று, "ப்ளீஸ் கம் இன்," என்றார். பிசகாமல் சொன்னார். சட்டைக் காலர் பட்டனைக்கூடப் போட்டிருந்தார். மனோகர், "தாங்க் யூ, சர்," என்றான். புஷ்பா அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் மீன் வறுக்கிற வாசனை வந்த பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். வசந்தா சொல்லி வைத்தபடி கொஞ்சமாகச் சோறு வைத்தாள். நிஜமாகவே கொஞ்சம். மீன் ஒரு துண்டு. இரண்டு பேரும் அதை ஒரு நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டார்கள்.

செல்வி முன்னால் வந்தாள். "உட் யூ லைக் சம் மோர் ரைஸ்?"

மனோகர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். "நோ, தாங்க் யூ."

செல்வி சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வசந்தா புஷ்பா அம்மாவிடம் போனாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அதே மரியாதையைத் தமிழில் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் சோறு வேணுங்களா?"

"போதும்மா."

"சரிங்க."

நான் வறுவல் தட்டோடு போனேன். "ஃபிஷ், ப்ளீஸ்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. மனோகர் மீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி மீனைப் பார்த்தான். "நோ, தாங்க் யூ." நான் லேசாகத் தலைகுனிந்து நகர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமாக நான் பரிமாறியதில்லை.

எல்லாம் அமைதியாக, அழகாக நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. பாயசத்தையும் கேட்டோம், வேண்டாம் என்றார்கள், கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டோம். இரண்டு பேரும் எழுந்து கையைக் கழுவினார்கள். புஷ்பா அம்மாவின் முகம் வரும்போது இருந்தது போல இல்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வரோம். போய்ச் சொல்லி அனுப்பறோம்."

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைவிட மோசமான வார்த்தை உண்டா? பிடிக்கவில்லை என்பதை நம் ஊரில் யாராவது பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்களா? போய்ச் சொல்லி அனுப்புவார்கள். அதோடு சரி.

அவர்கள் போய்விட்டார்கள். பானைச் சோறு அப்படியே இருந்தது. வறுத்த மீன் அப்படியே இருந்தது. எங்களில் யாரும் சாப்பிடவும் இல்லை.

"பாத்தியா," என்றார் தனபால். "பேருக்கு ஒரு வாய் சாப்பிட்டுட்டு எழுந்துட்டாங்க. வீட்ட மறுபடி பாத்துட்டு மனசு மாறிடுச்சு. ஓட்டு வீடு. மில்லுக்காரன் வீடு. நான் அப்பவே நெனச்சேன்."

வசந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இறால் தொக்கத் தொடவே இல்லியே. உப்பு போடாம விட்டுட்டனா?"

செல்வி கிணற்றடியில் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். தேய்த்த தட்டையே மறுபடி மறுபடி தேய்த்தாள்.

"அவருக்கு என்னப் புடிக்கல போல பெரியம்மா," என்றாள். "பரவால்ல. எனக்கும் ஒண்ணும் அப்படி..."

இந்த மாதிரி நேரத்தில் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தட்டுகளைத் துடைத்துப் பையில் அடுக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பரோட்டாக் கடை உண்டு. சாயங்காலம் அப்போதுதான் கல் சூடாகி முதல் பரோட்டா விழுந்திருந்தது. தாண்டிப் போகும்போது எதேச்சையாக உள்ளே பார்த்தேன். மூலையில் ஒரு பட்டுப்புடவை. எதிரே ஒரு வெள்ளைச் சட்டை, கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு.

புஷ்பா அம்மாவும் மனோகரும்.

சாப்பிட்டார்கள் என்று சொன்னால் போதாது. மனோகர் முன்னால் பரோட்டா அடுக்கியிருந்தது. சால்னாவை மேலே ஊற்றிப் பிசைந்து அள்ளிக்கொண்டிருந்தான். புஷ்பா அம்மா பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கையால் ஆம்லெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

என் சுபாவத்துக்கு நான் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். திரும்பினேன். திரும்பிய வேகத்தில் பையிலிருந்த பீங்கான் தட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன.

மனோகர் நிமிர்ந்து பார்த்துவிட்டான். புஷ்பா அம்மாவும் பார்த்துவிட்டார். எழுந்து நின்றார். கை முழுக்க எண்ணெய்.

"சும்மா..." என்றார். "பையன் பரோட்டான்னா எப்படி இருக்கும்னு கேட்டான்."

"நல்லா இருக்குமே," என்றேன் நான். வேறு என்ன சொல்வது? இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். இந்தப் பேச்சு இப்படியே முடிந்து, நான் தட்டைக் கொடுக்கப் போயிருப்பேன். அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும்.

மனோகர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, நல்ல தெளிவான தமிழில் என்னைக் கேட்டான்:

"நீ ஏன் எனக்கு சோறு போடல?"

இந்தப் பையனுக்குத் தமிழ் தெரியுமா?

"மனோ, வாய மூடுடா," என்று புஷ்பா அம்மா பதறினார். என் பக்கம் திரும்பினார். "பர்தோன், மன்னிச்சுக்கங்க. அதுக்குத்தான் அங்க போயித் தமிழ்ல பேசாதடான்னு சொல்லி வச்சேன். அவன் தமிழ்னு கேட்டது பூரா நான் அவன்கிட்ட பேசறதுதான். வா, போ, நீ, தின்னு... வேற வராது. பொண்ணோட அப்பாவப் போயி நீன்னு சொன்னான்னா என்ன ஆவறது? தெரிஞ்ச இங்கிலீஷ வச்சு சமாளிடான்னேன்."

அவன் விடுவதாக இல்லை. "மீன் இருந்துச்சு. நான் பாத்தேன். நீ எடுத்துட்டுப் போயிட்ட."

"நீதான வேணாம்னு சொன்ன தம்பி?" என்றேன். என்னையறியாமல் நானும் 'நீ'க்கு இறங்கிவிட்டேன்.

"அம்மா சொல்லச் சொன்னா. மொதல்ல வேணாம்னு சொல்லணும். ஆனா நீ போடுவ. மறுபடி வேணாம் சொல்லணும். மறுபடி போடுவ. அதான் மரியாதைன்னா." அவன் அம்மாவைக் கோபமாகப் பார்த்தான். "நான் வேணாம் சொன்னேன். அவங்க போடல."

புஷ்பா அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்ட ஒடனே போடுங்கன்னு சொன்னா பொண்ணு வீட்ல இன்னா நெனப்பாங்க, சோத்துக்கு அலையறவன்னு நெனைக்க மாட்டாங்களா? அதான் சொல்லிக் கூட்டியாந்தேன். எனக்கு மட்டும் ஆச இல்லியா? அங்க வருஷம் பூரா குளிர்ல தட்டுல சாப்பிட்டுட்டு, நம்ம ஊர் மீன் கொழம்ப நெனச்சுக்கிட்டுதான் வந்தேன். காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்தோம். போதும்னேன். ஒடனே சரிங்கன்னுட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க உங்க தங்கச்சி. ஒரு பேச்சுக்குக்கூட இன்னும் ஒரு வாய்னு சொல்லல. சரி, குடுக்க மனசில்ல, வாயால சொல்ல முடியாம இப்படிக் காட்டறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்போ வீட்டுக்குப் போயிருக்கலாமே..." என்றேன்.

"தம்பி வீட்லயா? பொண்ணு வீட்ல சாப்பிட்டுட்டு வரோம்னு போனவங்க வந்து சோறு கேட்டா, அவன் பொண்டாட்டி நாளைக்குத் தெரு பூரா சொல்லுவா. பொண்ணு வீட்டுக்காரங்க வயித்துக்குப் போடலன்னு. உங்களுக்குத்தான கெட்ட பேரு?"

வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். எங்களுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று, பட்டுப்புடவையோடு மூலை பெஞ்சில் ஒளிந்து பரோட்டா தின்கிற சம்பந்தியை யாராவது வேண்டாம் என்பார்களா?

எல்லாவற்றையும் சொன்னேன். கூடத்தில் நடந்த வகுப்பு, 'உட் யூ லைக்', ஒருமுறை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்ற சட்டம், வசந்தாவின் உப்புச் சந்தேகம், கிணற்றடி, எல்லாம். கடையில் ஒரு மாசம் பேசுவதை அந்தப் பெஞ்ச் பக்கத்தில் நின்று பேசிவிட்டேன். புஷ்பா அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணில் தண்ணீர் வர வர, எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனோகர் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை.

"அந்த மீன் இன்னும் இருக்கா?"

"இருக்கு. எங்க வீட்ல யாரும் இன்னும் சாப்பிடல."

"ஏன்?"

"உங்களுக்கு எங்களப் புடிக்கலன்னு."

"செல்வியும் சாப்பிடலையா?"

"இல்ல."

அவன் பரோட்டாத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அந்த நேரத்தில் யாராவது எனக்காக ஒரு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது. 'உட் யூ ப்ளீஸ் கம்' என்று ஆரம்பிக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னேன்: "எழுந்திரு. கையக் கழுவிட்டு வா. நீங்களும் வாங்க."

வந்தார்கள். மறுபேச்சு இல்லை.

நாங்கள் தெருவில் வருவதைப் பார்த்ததும் தனபால் பனியனோடு உள்ளே ஓடிச் சட்டையைத் தேடினார். புஷ்பா அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "சட்டையெல்லாம் வேணாங்க. பசிக்குது. இலையப் போடுங்க." அவ்வளவுதான். தனபால் கொல்லையில் போய் வாழை இலைகளை அறுத்துக்கொண்டு வந்தார். வசந்தா அடுப்பை மூட்டினாள். நான் இடையில் நின்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பரிமாறினோம் பாருங்கள்.

கேள்வியே கிடையாது. வசந்தா சோற்றைக் கொட்டினாள். புஷ்பா அம்மா, "ஐயோ, போதும்மா, போதும்," என்று இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தார். வசந்தா விரல் சந்தில் குழம்பை ஊற்றினாள். "இன்னா சாப்பிட்டுட்டீங்க இப்ப? கோழி கொத்தினாப்ல. கைய எடுங்க," என்றாள். புஷ்பா அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தனபால் மனோகருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இத சாப்பிடு தம்பி. தலைய விடாத, அதுலதான் ருசி," என்று எல்லாவற்றையும் அவன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். "நீ சாப்பிடல?" என்று அவன் மாமனாரைக் கேட்டான். தனபால் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. "நீ சாப்பிடு மொதல்ல," என்றார்.

செல்வி வறுவலோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டு வைத்தாள்.

"போதும்," என்றான் அவன்.

இன்னொன்று வைத்தாள்.

"போதும்னு சொன்னேன்."

"காதுல விழல," என்றாள்.

வீட்டில் நாங்கள் நாலு பெரியவர்களும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

பாயசம் குடிக்கும்போது புஷ்பா அம்மா தானாகவே ஆரம்பித்தார். வருகிற முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம், லீவு முடிவதற்குள் கல்யாணத்தை வைத்துவிடலாம். சொல்லி அனுப்புவதாக இல்லை, நேரிலேயே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எது மரியாதை, எது முரட்டுத்தனம்? 'உட் யூ லைக்' என்பது தேன் போன்ற வார்த்தைதான். அது பிறந்த ஊரில் அதைக் கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். பதில் சொல்கிறவரும் மனசில் இருப்பதைச் சொல்வார். நம் ஊரில் 'வேணுமா' என்று கேட்டால், எடுத்துப்போகப் போகிறோம் என்று அர்த்தம். அந்தப் பையன் என்னை 'நீ' என்றான். போடவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டான். அன்றைக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் பேசப்பட்டதிலேயே முரட்டு வார்த்தை அதுதான். அது ஒன்றுதான் நிஜமாகவும் இருந்தது.

ஆனால் எனக்கு இப்போது வேறொரு பயம். செல்வி அங்கே போகப் போகிறாள். அன்று அவளே மனோகரிடம் கேட்டாள்: "உங்க ஊர்ல யாராவது வேணுமான்னு கேட்டா, நான் இன்னா சொல்லணும்?"

"வேணும்னு சொல்லு," என்றான். "மொதல் தடவையே சொல்லு. ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்க. நீ பட்டினி கெடப்ப."

அதனால் எங்கள் கூடத்தில் மறுபடியும் வகுப்பு. இந்தத் தடவை வாத்தியார் நான். காபி டம்ளரை நீட்டி, "உட் யூ லைக் சம் காஃபி?" என்று கேட்பேன். அவள் உடனே, "யெஸ், ப்ளீஸ்," என்று சொல்ல வேண்டும். பி.ஏ. படித்த பெண்ணுக்கு இந்த இரண்டு வார்த்தை வர மாட்டேன் என்கிறது. வாயைத் திறந்தால், "இருக்கட்டும் பெரியம்மா," என்றுதான் வருகிறது. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு டம்ளரை எடுத்துப்போய் நானே குடித்துவிடுகிறேன்.

நிச்சயதார்த்த விருந்துக்குப் பரிமாற ஆள் பேசியாகிவிட்டது. கேட்டுப் போடுகிற பழக்கம் உண்டா என்று தனபால் ஒவ்வொருத்தரையும் விசாரித்தார். உண்டு என்றவரையெல்லாம் மரியாதையாக அனுப்பிவிட்டார்.